மாடிக் குழாயின் கதை: ரூபவாஹினியில் இருந்து யூடியூப் வரை

போன ஐப்பசியில் எங்க வீட்டு கேபிள் இணைப்பை நிறுத்தினேன். மானாவாரி விதைப்பு முடிந்து, அடுத்த மழைக்கு வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்த நேரம். வேலை இல்லாத நாளில் வீட்டுச் செலவை எழுதிப் பார்த்தேன். கேபிளுக்கு மாதம் இருநூறு. மூன்று செல்போனுக்கு ரீசார்ஜ் ஏறக்குறைய ஆயிரம். டிவியைத் தினமும் போடுவது அம்மா மட்டும்தான். மற்றவர்கள் ஆளுக்கொரு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பாக்ஸை எடுத்துப்போக கேபிள் தம்பி வந்தார். மாடியில் ஏறி வயரைக் கழற்றியவர், சுவரோரம் நிற்கும் இரும்புக் குழாயைத் தட்டிப் பார்த்தார். "அண்ணே, இது சும்மாதான நிக்குது? கழட்டி எடைக்குப் போட்டுருவமா?" என்றார். "வேணாம் தம்பி, நிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அதே வாரம் பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் போனில் கூப்பிட்டான். "மாமா, அமெரிக்காவுல என் ஃப்ரெண்டும் கேபிளை நிறுத்திட்டான். மாடியில ஒரு ஆண்டெனா மாட்டியிருக்கான். ஊர்ச் சேனல் எல்லாம் காசில்லாம பளிச்சுன்னு வருதாம். மிச்சத்தை நெட்ல பாத்துக்கிறான். நம்ம மாடியிலதான் குழாய் நிக்குதே, நீங்களும் ஒண்ணு மாட்டுங்களேன்?"

மாட்டலாம். ஆனால் மாட்டினால் ஒன்றும் தெரியாது. ஒரு காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கம், 400 கிலோமீட்டர் தூரத்தில் இருந்து படம் பிடித்துக் கொடுத்த குழாய் அது. இன்றைக்கு அதில் எந்த ஆண்டெனாவைக் கட்டினாலும் பிடிப்பதற்குக் காற்றில் எதுவும் இல்லை. அமெரிக்காவில் இருப்பது அருப்புக்கோட்டைப் பக்கம் ஏன் இல்லாமல் போனது? அவனுக்குப் போனில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

தென்கிழக்கே திரும்பிய காது

எங்க ஊர் பந்தல்குடி. மதுரையில் இருந்து தூத்துக்குடி போகும் நான்குவழிச் சாலையில், அருப்புக்கோட்டை தாண்டியதும் வரும். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கம் ஒரு பக்கம், கரிசல் காடு மறு பக்கம். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி. பெய்தால் உண்டு, பெய்யாவிட்டால் இல்லை. பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "என்னப்பா இது, பொட்டல் காடு" என்று சொல்லும் ஊர்தான்.

பொட்டலுக்கு ஒரு வசதி உண்டு. மலையோ மரமோ மறைக்காது. அலைவரிசை எந்தப் பக்கம் இருந்து வந்தாலும் தடையில்லை.

டிவி வருவதற்கு முன்பே எங்கள் காது தென்கிழக்குப் பக்கம்தான் இருந்தது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையைக் கேட்காத டீக்கடை அப்போது கிடையாது. கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது குரல்கள் எங்களுக்குச் சொந்தக்காரர் குரல் மாதிரி. சென்னையில் இருந்து வரும் செய்தியைவிடக் கொழும்பில் இருந்து வரும் பாட்டு தெளிவாகக் கேட்கும். சென்னை எங்களுக்கு 500 கிலோமீட்டர். இலங்கை அதைவிடப் பக்கம்.

இந்தியாவில் தொலைக்காட்சி டெல்லியில் 1959 செப்டம்பர் 15 அன்று சோதனையாகத் தொடங்கியது. சென்னைக்கு 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. ஆனால் சென்னை நிலையத்தின் படம் சென்னையைச் சுற்றித்தான் தெரியும். தெற்கே இருக்கும் எங்களுக்கு அது பத்திரிகையில் படித்த சமாசாரம்.

அப்படி இருக்கும்போது 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான் அரசின் உதவியில் கட்டிய நிலையம். அதன் முக்கிய ஒளிபரப்பி நுவரெலியா பக்கத்தில் பிதுருதலாகல மலை உச்சியில் இருந்தது. இலங்கையிலேயே உயரமான மலை அது, 2,524 மீட்டர். அந்த உயரத்தில் இருந்து விட்ட அலை இலங்கையோடு நிற்கவில்லை. கடலைத் தாண்டி தூத்துக்குடி, ராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை வரை வந்து விழுந்தது. டெல்லிக்காரர்கள் டிவி பார்க்க ஆரம்பித்து இருபது வருடம் கழித்து, எங்கள் பக்கத்து ஜனங்கள் முதன்முதலில் பார்த்த டிவி இன்னொரு நாட்டு டிவி.

குழாய் ஏறிய கதை

எங்கள் அய்யா டிவி வாங்கியது 1985-ல். அந்த வருடம் பருத்தி நன்றாக வெடித்தது, விலையும் நின்றது. அருப்புக்கோட்டையில் கடன் அடைத்தது போக மிச்சத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி. இரண்டு பக்கமும் மரக்கதவு இழுத்து மூடுகிற மாதிரி இருக்கும். டிவியின் விலையைவிட மாடியில் ஏற்றிய சாமான்களைப் பற்றித்தான் ஊரில் பேச்சு.

இருபது அடி ஜிஐ குழாய் இரண்டு. சாக்கெட் போட்டு ஒன்றாக்கி, மூன்று பக்கமும் ஸ்டே கம்பி இழுத்துக் கட்டினார்கள். அதன் நுனியில் மீன்முள் மாதிரி அலுமினியக் கம்பிகள். அதற்கு யாகி ஆண்டெனா என்று பெயர் என்பது எனக்குப் பின்னாடிதான் தெரியும். 1926-ல் ஜப்பானில் யாகி, உடா என்ற இரண்டு பேர் கண்டுபிடித்தது. அதன் விசேஷமே அது ஒரு திசையைத்தான் பார்க்கும் என்பது. பார்க்கும் திசையில் இருந்து வருவதைப் பலமாக வாங்கும், மற்ற திசையில் வருவதை விட்டுவிடும். அதனால்தான் குழாயைத் திருப்புகிற வேலை.

திருப்ப மூன்று பேர் வேண்டும். மாடியில் குழாயைப் பிடித்துக்கொண்டு என் சித்தப்பா. வீட்டுக்குள் டிவி முன்னால் அய்யா. நடுவில் முற்றத்தில் நான், தபால்காரன்.

"தெரியுதாடா?"

"தெரியுதாய்யா?"

"புள்ளியா இருக்கு, இன்னும் கொஞ்சம் திருப்பச் சொல்லு."

"இன்னும் கொஞ்சமாம் சித்தப்பா."

"போதும் போதும்... ஐயோ போச்சு, பழையபடி கொண்டாரச் சொல்லு."

இந்தப் பேச்சு அந்தக் காலத்தில் தெற்கே எல்லா ஊர் மாடியிலும் நடந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

எல்லா நாளும் ஒரே மாதிரி தெரியாது. மதியம் வெறும் புள்ளி. ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு மேல், அதுவும் காற்று அசையாத வெக்கை நாளில், பக்கத்து வீட்டில் இருந்து வருகிற மாதிரி தெளிவாக வரும். அய்யா "இன்னைக்குக் கடல் நல்லா இருக்கு" என்பார். அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. கடலுக்கு மேலே ஈரமான குளிர்ந்த காற்று தங்கி, அதற்கு மேலே சூடான காற்று மூடி போட்ட மாதிரி உட்காரும்போது, அலை மேலே தப்பிப் போகாமல் அந்த இரண்டுக்கும் நடுவில் குழாயில் தண்ணீர் ஓடுகிற மாதிரி வெகுதூரம் ஓடிவரும். மன்னார் வளைகுடா அப்படிப்பட்ட இடம். மழை வருமா என்று காற்றைப் பார்த்தே பழகிய அய்யாவுக்கு, படம் வருமா என்பதையும் காற்றைப் பார்த்தே சொல்ல வந்தது.

பார்த்ததில் பாதி சிங்களம். ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நாடகம் முடியும் வரை ஒருத்தர் எழுந்து போக மாட்டார்கள். நடுவில் தமிழ்ச் செய்தி வரும், எப்போதாவது தமிழ்ப் படம் போடுவார்கள், கிரிக்கெட் வரும். தமிழ்ப் படம் என்றால் எங்கள் முற்றத்தில் நாற்பது, ஐம்பது பேர். வீட்டுக்குள் இடமில்லாமல் டிவியைத் திண்ணைக்குத் தூக்கி வைப்போம். வந்தவர்களில் யாரும் காசு கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. களை எடுக்க வரும் பெண்கள், ஆடு மேய்க்கிறவர், எல்லாரும் அந்த முற்றத்து மண்ணில்தான். யார் எங்கே உட்காரலாம் என்பதில் ஊர் வழக்கம் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. திண்ணையில் உட்கார்ந்தவர்கள் வேறு, தெருவில் நின்று பார்த்தவர்கள் வேறு.

இரண்டு ஆண்டெனா, ஒரே குழாய்

டெல்லியும் சும்மா இருக்கவில்லை. 1982-ல் கலர் வந்தது, நாடு முழுக்க ஒரே நேரத்தில் காட்டும் தேசிய நிகழ்ச்சி வந்தது. 1984-ல் ஊர் ஊராகச் சிறிய ஒளிபரப்பு நிலையங்கள் கட்டினார்கள். எங்களுக்கு விடிந்தது கொடைக்கானல் மலையில் உயர்சக்தி நிலையம் வந்த பிறகுதான். எங்களுக்கும் கொடைக்கானலுக்கும் நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மலை உச்சியில் இருந்து வருவதால் படம் பளிச்சென்று இருந்தது.

இப்போது ஒரு சிக்கல். கொடைக்கானல் எங்களுக்கு வடமேற்கு. இலங்கை தென்கிழக்கு. நேர் எதிர் எதிர். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க வடமேற்கே திருப்பினால், மற்ற நாளில் ரூபவாஹினிக்குத் திரும்பவும் ஏற வேண்டும். கடைசியில் சித்தப்பா அதே குழாயில் இரண்டு ஆண்டெனாவை முதுகோடு முதுகாகக் கட்டிவிட்டார்.

அய்யாவுக்குத் தூர்தர்ஷனில் பிடித்தது 'வயலும் வாழ்வும்'. பிள்ளைகள் எல்லாம் முகம் சுளிப்போம். அவர் மட்டும் முன்னால் உட்கார்ந்து, "இவன் காட்டுறதெல்லாம் தண்ணி உள்ள ஊருக்கு" என்று திட்டிக்கொண்டே முழுவதும் பார்ப்பார். 1987, 88-ல் ஞாயிறு காலையில் 'ராமாயணம்'. இந்தி. அதுவும் புரியாது. சிங்களம் புரியாமல் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தி ஒரு பொருட்டா என்ன?

1990-க்குப் பிறகு குல்லூர்சந்தை அகதிகள் முகாமில் இருந்து கொத்தனார் வேலைக்கு ஒருத்தர் எங்கள் ஊருக்கு வருவார். மன்னார் பக்கத்துக்காரர். ஒருநாள் வேலை முடிந்து எங்கள் திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டிவியில் சிங்களச் செய்தி வந்தது. நாங்கள் வழக்கம்போலப் படத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருடமாகப் புரியாமல் பார்த்த செய்தியை அன்றைக்குத்தான் ஒருத்தர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். எந்த ஊரில் சண்டை, எத்தனை பேர் என்று. சொல்லிவிட்டு, "டிவியை நிப்பாட்டுங்கோ அண்ணை" என்றார். வன்னியில் கொக்காவில் என்ற இடத்தில் ரூபவாஹினிக்கு ஒரு மறு ஒளிபரப்புக் கோபுரம் இருந்தது என்பதும், அது 1990 சண்டையில் விழுந்துபோனது என்பதும் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் பார்த்த ஆண்டெனாவை அதற்குப் பிறகு அய்யா அதிகம் தேடவில்லை.

வயர் வந்தது

சன் டிவி 1993 ஏப்ரல் 14, தமிழ் வருடப் பிறப்பு அன்று தொடங்கியது. முதலில் நாளுக்குச் சில மணி நேரம்தான். ஆனால் அது செயற்கைக்கோள் சேனல். எங்கள் குழாய்க்கு எட்டாது. பெரிய டிஷ் வைத்து இறக்கி, வயரில் வீடு வீடாகக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அப்படி வந்தவர்கள்தான் கேபிள்காரர்கள்.

எங்கள் ஊரில் தொடங்கியவர், இப்போது பாக்ஸ் எடுக்க வந்த தம்பியின் அப்பா. இருந்த இரண்டு குறுக்கம் நிலத்தை ஒத்திக்கு வைத்து டிஷ் வாங்கினார். வேப்பமரம், லைட் கம்பம், எங்கள் வீட்டுக் குழாய் என்று எது உயரமாக இருந்ததோ அதிலெல்லாம் கறுப்பு வயரைக் கட்டிக்கொண்டு போனார். ஆண்டெனாவைக் கழற்றிக் கீழே வைத்தோம். குழாய் கேபிள் கம்பமாக மாறியது.

முற்றம் காலியானது அதற்குப் பிறகுதான். மாதம் ஐம்பதோ அறுபதோ கொடுத்தால் அவரவர் வீட்டில் அவரவர் டிவி. ராத்திரி எட்டு மணிக்குத் தெருவில் நடந்தால் ஒரே நாடகத்தின் வசனம் வீடு வீடாக விட்டுப்போகாமல் கேட்கும். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. தெருவில் நின்று பார்த்தவர்கள் தங்கள் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். அவர்கள் அந்த முற்றத்துக்கு ஏங்கியதாக எனக்குத் தெரியவில்லை. ஏங்கியது நாங்கள்தான்.

2006 செப்டம்பரில் கலைஞர் ஆட்சியில் இலவசக் கலர் டிவி திட்டம் தொடங்கியது. 14 இன்ச் பெட்டி எங்கள் ஊருக்கும் லாரியில் வந்து இறங்கியது. பெட்டி இலவசம், ஆனால் படம் இலவசம் இல்லை. பெட்டி வந்த வீடெல்லாம் கேபிள் இணைப்பு வாங்கியது. தம்பியின் அப்பாவுக்கு நல்ல காலம் அதுதான். முந்நூறு இணைப்புக்கு மேல் வைத்திருந்தார், ஒத்தி நிலத்தையும் திருப்பினார்.

2011 செப்டம்பர் 2 அன்று ஜெயலலிதா அரசு கேபிளைத் திரும்பத் தொடங்கினார். அந்தக் கழகத்தை 2007-ல் ஏற்படுத்தியது முந்தைய ஆட்சி, நடக்க வைத்தது இந்த ஆட்சி. மாதம் 70 ரூபாய். அதில் கழகத்துக்கு 20, உள்ளூர் ஆபரேட்டருக்கு 50. அடுத்த வருடம் மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. எழுபது ரூபாய் கொடுத்து, கரண்ட் இருக்கிற நேரத்தில் பார்த்தோம்.

பிறகு செட்டாப் பாக்ஸ் கட்டாயம் ஆனது. 2019 பிப்ரவரியில் டிராய் புது விதி கொண்டுவந்தது. பார்க்கிற சேனலுக்கு மட்டும் காசு என்றார்கள். நல்ல விஷயம்தானே என்று கணக்குப் போட்டால், எந்தச் சேனலும் கேட்காமலே அடிப்படைக் கட்டணம் 130, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் சேனல் விலை தனி. ஆபரேட்டருக்கே புரியாத அந்தப் பட்டியலை அம்மாவுக்கு எப்படி விளக்குவது?

அதற்குள் 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, ஆறேழு மாதம் டேட்டாவைக் காசில்லாமல் ஊற்றிவிட்டிருந்தது. பருத்திக்கு மருந்து அடிக்கிற பையன் வரப்பில் உட்கார்ந்து யூடியூப் பார்த்தான். வீடு வீடாகப் பிரிந்த டிவி இப்போது ஆள் ஆளாகப் பிரிந்தது. தம்பியிடம் இப்போது இருப்பது அறுபது இணைப்பு. அவர் அப்பா கட்டிய வயர் பாதி ஊரில் அறுந்து தொங்குகிறது.

சத்தமில்லாமல் நின்ற ஒன்று

இத்தனை நாளும் காற்றில் தூர்தர்ஷன் வந்துகொண்டுதான் இருந்தது. கொடைக்கானல் இருந்தது. ராமேஸ்வரத்தில் தொண்ணூறுகளில் 323 மீட்டர் உயரத்துக்கு டிவி கோபுரம் கட்டினார்கள், இந்தியாவிலேயே உயரமானது. ஆனால் ஆண்டெனா வைத்துப் பார்க்க ஆள் இல்லை. பழைய அனலாக் ஒளிபரப்பிகளைப் படிப்படியாக மூடுவதாக பிரசார் பாரதி முடிவெடுத்தது. எல்லையோர முக்கிய இடங்களில் ஐம்பதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதை 2022 மார்ச்சுக்குள் முடிப்பது என்று திட்டம். எங்கள் ஊரில் யாரும் அதற்காக ஒரு மனு கூட எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

அக்கா மகன் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவும் பழைய அனலாக்கை நிறுத்தியது, 2009 ஜூனில். ஆனால் அதே கோபுரத்தில் டிஜிட்டலை ஏற்றிவிட்டு நிறுத்தியது. பிரிட்டனில் 2002-லேயே ஃப்ரீவியூ என்று டிஜிட்டல் ஆண்டெனா டிவி வந்துவிட்டது. தனியார் சேனல்களும் அந்தக் காற்றில் உண்டு. அதனால் அங்கே கேபிளை அறுக்கிறவனுக்குத் திரும்பிப் போக ஒரு இடம் இருக்கிறது. இங்கே தரைவழி ஒளிபரப்பு முழுக்க அரசுக்கு மட்டும். தனியார் எல்லாம் செயற்கைக்கோள். 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் டிஜிட்டல் ஆண்டெனா ஒளிபரப்பு தொடங்கியது. அது நகரத்தோடு சரி. அருப்புக்கோட்டைக்கு வரவில்லை. ஆக, நாம் பழையதை அணைத்தோம், புதியதை ஏற்றவில்லை.

மார்கழி மழை

இதெல்லாம் டிவிதானே, போனால் போகட்டும் என்றுதான் நானும் இருந்தேன், 2023 மார்கழி வரைக்கும்.

டிசம்பர் 17, 18 தேதிகளில் தெற்கே பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். எங்கள் காட்டில் ஒரு வருடம் முழுக்கப் பெய்கிற மழையைவிட அதிகம். என் அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஏரலில். தாமிரபரணிக் கரை. 18-ம் தேதி காலையில் "தண்ணி தெருவுக்கு வந்துருச்சு" என்று சொன்னதுதான் கடைசி. அதற்குப் பிறகு போன் போகவில்லை. அக்காவுக்கு மட்டும் இல்லை, அந்தப் பக்கம் தெரிந்த யாருக்குமே போகவில்லை. டவருக்குக் கரண்ட் இல்லை.

எங்கள் ஊரிலும் நல்ல மழை. கேபிள் கண்ட்ரோல் ரூமில் கரண்ட் இல்லை, டிவி நின்றுவிட்டது. அந்தத் தம்பியைச் சொல்லிக் குற்றமில்லை, இடுப்பளவு தண்ணீரில் நின்று வயரைத் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். போனில் பார்க்கலாம் என்றால் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வந்தாலும் யாரோ போட்ட பழைய வெள்ள வீடியோ, எந்த ஊர், எந்த வருடம் என்று தெரியாது.

மூன்று வீடு தள்ளி எங்கள் மயினி வீட்டில் மட்டும் டிவி ஓடியது. அவர்கள் எப்போதோ தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் வாங்கி வைத்திருந்தார்கள். இன்வெர்ட்டரில் ஓடியது. அம்மா போய் அங்கே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அக்கம்பக்கத்தில் ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் சொந்தம் உள்ளவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். கூடம் நிறைந்து, வாசலில் நின்றோம். பொதிகைச் செய்தியில் ஏரல் என்ற பெயர் வரும்போதெல்லாம் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொள்வார். மழை வலுத்தால் டிஷ் படமும் கட்டம் கட்டமாக உடைந்தது. உடையும்போது ஒருத்தர் தன்னால், "தெரியுதா, தெரியுதா?" என்றார். முப்பது வருடம் கழித்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், யாரோ ஒரு தம்பியின் போனில் இருந்து அக்கா பேசியது. மாடியில் இருந்தோம், எல்லாரும் பத்திரம் என்றது. பெங்களூரில் பையனும் மூன்று நாள் தூங்கவில்லை.

இப்போது குழாயில் என்ன இருக்கிறது

கேபிளை நிறுத்துவதற்கு முன்னால் அம்மாவிடம் கேட்டேன். "நாடகம் போனா போகுது. எனக்கு நானே போடத் தெரிஞ்ச டிவி வேணும்" என்றார். ஸ்மார்ட் டிவியில் பேரன் எல்லாம் போட்டுக் கொடுத்திருக்கிறான். ஆனால் நெட் போனாலோ, கையில் ஏதோ பட்டு வேறு பக்கம் போனாலோ, ஆள் வரும் வரை அம்மா சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

அதனால் இரண்டு ஏற்பாடு. நாங்கள் பார்ப்பது நெட்டில். அம்மாவுக்கு ஃப்ரீ டிஷ். ஒரு தடவை இரண்டாயிரத்துக்குள் செலவு, மாதக் கட்டணம் கிடையாது. 2004 டிசம்பரில் 33 சேனலோடு தொடங்கியது, இப்போது நூறுக்கு மேல். குறையையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி இந்தி. தமிழ் கையளவுதான், பெரிய பொழுதுபோக்குச் சேனல்கள் கிடையாது. பொதிகை 2024 ஜனவரியில் இருந்து டிடி தமிழ் என்று பெயர் மாறி வருகிறது. அம்மா செய்தியும் பழைய படமும் பார்க்கிறார். நாடகத்துக்கு மாலையில் பேத்தி போனைப் பிடுங்குகிறார்.

கணக்கு நேராக வருகிறதா என்றால், இல்லை. கேபிளில் இருநூறு மிச்சம். ஆனால் 2024 ஜூலையில் ரீசார்ஜ் விலை ஏறியது அந்த மிச்சத்தில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. அய்யா குழாய்க்கு ஒரு தடவை காசு கொடுத்துவிட்டுப் பத்து வருடம் பார்த்தார். நான் மாதா மாதம் கொடுக்கிறேன், நிறுத்தினால் அன்றைக்கே இருட்டு. கூலி வேலை செய்யும் வீட்டில் ரீசார்ஜ் தீர்ந்த வாரம், அந்த வீட்டுக்கு மழை எச்சரிக்கை எப்படிப் போய்ச் சேரும்? பந்தல்குடியில் கேட்டாலும் ஏரலில் கேட்டாலும் இதற்கு இன்றைக்குச் சரியான பதில் கிடையாது.

டேட்டா இல்லாமல், டவர் உதவி இல்லாமல், ஒளிபரப்பை நேராகச் செல்போனுக்கே அனுப்பும் முறையைச் சோதித்து வருகிறார்கள். ஐஐடி கான்பூர் அதில் இருக்கிறது, பிரசார் பாரதியும் இருக்கிறது. அதற்கு மறுபடியும் உயரமான கோபுரம் வேண்டும். வந்தால் நல்லது. நகரத்தோடு நின்றுவிடாமல் கரிசல் காட்டுக்கும் வந்தால் இன்னும் நல்லது. இந்தத் தடவை யாராவது கேட்டால் நான் மனு எழுதத் தயார்.

டிஷ்ஷை மாட்ட வந்ததும் அதே கேபிள் தம்பிதான். அவருக்கு இப்போது இதுவும் ஒரு பிழைப்பு. குழாயில் கிளாம்ப் போட்டு, போனில் திசை பார்த்து, டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டே வந்தார். சிக்னல் கிடைத்த இடத்தில் நிறுத்தினார். எந்தப் பக்கம் என்று பார்த்தேன். செயற்கைக்கோள் இருப்பது 93.5 டிகிரி கிழக்கில், எங்களுக்குத் தென்கிழக்கு. அய்யாவின் ரூபவாஹினி ஆண்டெனா பார்த்த அதே பக்கம். அது கடலைப் பார்த்தது, இது அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கீழே இருந்து அம்மா சத்தம் கொடுத்தார், "தெரியுதுடா, போதும், எறங்கி வாங்க" என்று.

மல்லியில் களை கிடக்கிறது. நாளைக்கு ஆள் வந்தால் எடுக்க வேண்டும். வருகிறேன்.